கொஸ்லந்த மண்சரிவு உணர்த்தும் உளநூல் உண்மைகள்

மக்களின் நடத்தையை உளநூலார் இருபாற்படுத்துவர். பிறவியோடு வருவது ஒன்று. பிறந்தபின் பயின்று கொள்வது மற்றொன்று. பேரொலி கேட்ட குழவி துணுக்குறுவதும், வாயிற் பட்டதைச் சப்புவதும் எவரும் கற்பியாதவை. ஆயின் மனிதன் நாள்தோறும் செய்வனவற்றுள் இவ்வகையின சிலவே. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது, எவரைக் கண்டால் எழுந்து நிற்பது என்பன யாவும் கற்றவையே. ஊவா மலைத் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள், இரண்டு இலையும் ஓர் அரும்பும் எவ்விடத்தே முடிகின்றன என்பதைக் கண்ணின் துணையின்றியே அறியும். வைகறையிற் பிரட்டுத் தப்பு முழங்கிய காலத்தில், அவ்வொலி செவியிற் பட்டதும் உறக்கத்திற் கிடந்தவனின் கால்கள் தாமே நிலத்தில் ஊன்றின. கற்றவை என்பதே மறந்துபோகுமளவிற்கு இவை உடலோடு ஒன்றிவிடுகின்றன.

கைகால்கள் மட்டும் கற்பதில்லை, மனமும் கற்கின்றது. முயன்றால் பயனுண்டு என்பதையும், முயன்றும் பயனில்லை என்பதையும் அது அநுபவத்தாற் கற்றுக்கொள்கின்றது. அதனொடு, தாங்கொணாத உண்மை தன்னை நெருங்குங்கால் அதனைத் தடுத்து நிறுத்தும் அரண்களையும் மனம் எழுப்பிக்கொள்கின்றது. பாடநூல்களில் இவ்விரண்டும் வெவ்வேறு அதிகாரங்களிற் கூறப்படும். வாழ்க்கையில் இவை ஒன்றோடொன்று பின்னிக்கிடத்தலை இலங்கையின் மலையகத்திலே நிகழ்ந்த ஒரு துயரச் செய்தியைக் கொண்டு விளக்கலாம்.

பதுளை மாவட்டத்தின் தென்விளிம்பில், பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி மலைச்சரிவில் இறங்கும் வீதியில் உள்ளது கொஸ்லந்த. தியலும நீர்வீழ்ச்சி இதற்கு அணித்தே 220 மீற்றர் உயரத்தினின்று வீழ்கின்றது. மத்திய மலைநாடு இவ்விடத்திலே திடீரெனத் தாழ்ந்து தென்புலச் சமவெளியை நோக்கி இறங்குகின்றது. நிலம் செங்குத்தானது, மழைக்காலத்தில் மண் நீரை உண்டு கனக்கும். கொஸ்லந்தவை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில், மலையடிவாரத்தில் லயன்களும், சிறு கோயிலும், கடைகளும் அமைந்திருந்தன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி, தீபாவளி கழிந்து ஏழாம் நாள் காலை, மலையின் ஒரு பகுதி பெயர்ந்து அவற்றின்மேல் இறங்கிற்று. பிரட்டுக்குச் சென்ற தொழிலாளரும் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் தப்பினர். திரும்பி வந்த பிள்ளைகள் சிலர்க்கு வீடிருந்த இடத்திலே சேறே இருந்தது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்ற செய்தி பரவிற்று. பின்னர் எடுத்த கணக்கின்படி இறந்தோரும் காணாமற் போனோருமாக நாற்பதுக்குச் சற்றுக் குறைவானவரே எனத் தெரிந்தது. அவருட் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை.

உளநூல் மாணவன் கருதவேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அம்மலைச் சரிவை ஆராய்ந்து, அங்கே குடியிருத்தல் ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. மக்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. ஏன் அகலவில்லை? இவ்வினா எழுந்தபோது நாடெங்கும் மூன்று விடைகள் எளிதிற் கூறப்பட்டன: அறியாமை, சோம்பல், விதியின்மேற் பாரம் போடும் குணம். இம்மூன்றும் விடைகள் அல்ல. வினாவை முடித்துவைக்கும் உபாயங்களே. சோம்பேறி என்று கூறப்படும் அதே மனிதர் விடியுமுன் எழுந்து, அட்டை கடிக்கும் மலைச்சரிவில் மாலைவரை உழைப்பவர் என்பதை நினைந்தால் அவ்விடையின் வெறுமை புலனாகும்.

கற்றல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். உருசிய நாட்டு உடற்றொழில் நூலறிஞர் பவ்லொவ், நாய்க்கு உணவளிக்குமுன் ஓர் ஒலியை எழுப்பிவந்தார். நாளடைவில் உணவின்றி ஒலி மட்டுமே நாயின் வாயில் நீரூறச் செய்தது. இதனைக் கற்றோர் பலரும் அறிவர். அவர் கண்ட இரண்டாம் உண்மையைப் பலர் மறந்துவிடுவர். ஒலி எழுந்தும் உணவு வாராதிருப்பது மீண்டும் மீண்டும் நிகழுமாயின் வாயூறுதல் சிறிது சிறிதாகக் குறைந்து அற்றுப்போம். குறிப்பும் பயனும் பிரிந்துவிட்டால் குறிப்பு தன் ஆற்றலை இழக்கும். 1898ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோண்டைக் பூனைகளைக் கூண்டிலடைத்து ஆராய்ந்து, நற்பயன் தரும் செயல் நிலைபெறும், பயன்தராச் செயல் கைவிடப்படும் என்ற விதியை நிறுவினார். பின்வந்த ஸ்கின்னர் இதனை விரித்துரைத்தார்.

இவ்விரு விதிகளையும் மலையடிவாரத்துக் குடும்பமொன்றிற் பொருத்திப் பார்க்க. மலை சரியலாம் என்று 2005இற் கூறப்பட்டது. அவ்வாண்டு மழை பெய்தது, மலை நின்றது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. 2011இல் மீண்டும் கூறப்பட்டது. அதன்பின் மூன்று மாரிகள் கழிந்தன. அச்சத்துடன் விழித்திருந்து பாதுகாப்பாக விடிந்த ஒவ்வோர் இரவும், எச்சரிக்கையென்னும் குறிப்பின் வலியைத் தேய்த்த ஒரு பாடமாகும். மறுபுறம், இருந்த இடத்தில் இருத்தலுக்கோ நாள்தோறும் பயன் கிடைத்தது: சம்பளம், அயலிலே உறவு, பிள்ளைக்குப் பள்ளி, குலதெய்வத்தின் கோயில். அகன்று செல்லுதற்குக் கண்முன் நின்ற பயன் யாது? தோட்டத்துக் காம்பரா தொழிலோடு பிணைந்தது. அதனை விட்டுச் செல்பவனுக்கு மாற்றாக நிலம் இன்மையே பெரும்பாலான தோட்டங்களின் நிலை. செல்லுமாறு கூறப்பட்டதே அன்றிச் செல்லுமிடம் காட்டப்படவில்லை என்று தப்பியோர் பின்னர் முறையிட்டனர். ஓர் ஆபத்து என்றோ வரக்கூடும், வராதும் போகலாம். மற்றோர் ஆபத்து, வீடும் வேலையும் இழத்தல், புறப்பட்ட நாளே வந்துவிடும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தவரை அறிவிலார் எனல் பொருந்தாது.

இதனினும் ஆழ்ந்த கற்றல் ஒன்றுண்டு. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்னும் இருவர் நாய்களைக்கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு தொகுதி நாய்களுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. தலையினால் ஒரு பலகையை அழுத்தின் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாந் தொகுதிக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரத்தில்; ஆயின் அவை யாது செய்யினும் அது நிற்பதில்லை. மூன்றாந் தொகுதிக்கு அதிர்ச்சியே இல்லை. பின்னர் எல்லா நாய்களும் தாழ்ந்த தடுப்பொன்றுள்ள பெட்டியில் விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் வேதனை இல்லை. முதலாந் தொகுதியும் மூன்றாந் தொகுதியும் விரைவிலே தாண்டக் கற்றன. இரண்டாந் தொகுதியிற் பெரும்பாலானவை சிறிது ஓடிப் பின் படுத்து முனகிக் கிடந்தன. வழி திறந்திருந்தது, ஆயினும் அவை எழவில்லை. துன்பத்தின் அளவு இரு தொகுதிக்கும் ஒன்றே. தன் செயலால் அது நிற்கும் என்ற அநுபவம் உண்டா, இல்லையா என்பதே வேறுபாடு.

இந்நிலையைக் கற்ற கையறுநிலை எனத் தமிழிற் கூறலாம். கையறுநிலை என்பது தமிழ்ப் புறப்பொருளில் ஒரு துறையின் பெயருமாகும். தலைவன் மாய்ந்தவழி அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்குதலைக் குறிக்கும். செய்வதற்கு ஏதுமில்லை என்ற உணர்வையே துயரின் உச்சமாக முன்னோர் கொண்டமை வியக்கத்தக்கது.

மலையகத் தமிழரின் இரு நூற்றாண்டு வரலாற்றை இச்சோதனையோடு சேர்த்து நோக்கினால் பல செய்திகள் தெளிவாம். மனிதரை நாயோடு ஒப்பிடுதல் முறையன்று என்பார் உளர். ஒப்பிடப்படுவது மனிதரல்லர், அவர் வைக்கப்பட்ட பெட்டியே. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளன் கங்காணியிடம் பட்ட கடனோடே தோட்டத்துள் நுழைந்தான். அக்கடனைத் தீர்ப்பதாக ஒருவர் துண்டு பெற்றாலன்றி வேறொரு தோட்டத்துக்கு அவன் செல்லல் இயலாதிருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர் ஒப்பந்தஞ் செய்து, இத்தனை இலக்கம் பேர் இங்கு, இத்தனை இலக்கம் பேர் அங்கு எனப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் வினாவவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. உடைமையாளர் மாறியபோதெல்லாம் லயன் மாறவில்லை. எங்கே வாழ்வது, எப்பொழுது பெயர்வது என்பன தன் முடிவால் ஆகும் செயல்கள் அல்ல என்பதைத் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. மகன் கண்டு கற்றான். பிறர் செய்வதைக் கண்டே மனிதர் கற்பர் என்பதை 1961இல் பண்டூரா நடத்திய சோதனை காட்டியுள்ளது.

ஆயினும் இம்மக்கள் முற்றும் செயலற்றவர் எனக் கொள்வது பெரும் பிழையாகும். தொழிற்சங்கம் அமைத்துப் போராடினர், வேலைநிறுத்தஞ் செய்தனர், நெடுங்காலம் வேண்டிநின்றபின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோர் குடியுரிமையும் பெற்றனர். கூலியிலே முயற்சி பலித்த இடங்கள் உண்டு. நிலத்திலும் வீட்டிலும் முயற்சி பலித்தமை மிக அரிது. கையறுநிலையும் முயற்சியும் ஒரே மனத்தில் வெவ்வேறு துறைகளில் வாழக்கூடியன.

இனி மனத்தின் அரண்களை நோக்குவது பொருந்தும். சிக்மண்ட் பிராய்ட் 1894ஆம் ஆண்டிலேயே தற்காப்பு என்னும் கருத்தை எழுதினார். அவர் மகள் அன்னா பிராய்ட் 1936இல் வெளியிட்ட நூலில் அவ்வழிகளை வகுத்து விளக்கினார். அவர் கூறியதன் சாரம் இது: நெஞ்சிற்கு ஒவ்வாத எண்ணமோ அச்சமோ எழுங்கால், மனம் தன்னை அறியாமலே அதனைத் திரித்தோ மறைத்தோ இடமாற்றியோ அமைதி தேடிக்கொள்ளும். தன்னை அறியாமலே என்பது இங்கே முதன்மையானது. அறிந்து கூறினால் அது பொய். அறியாது நிகழ்வதே தற்காப்பு.

இவற்றுள் மறுத்தல் எளியது. மலையின் கீழ் உறங்குபவன் ஒவ்வோர் இரவும் மலையை நினைத்துக்கொண்டிருப்பின் உறங்கல் இயலாது. உறங்காதவன் காலையிற் பிரட்டுக்குச் செல்லல் இயலாது. ஆகவே மலை நினைவினின்றும் விலக்கப்படுகின்றது. காரணங் கற்பித்தல் இதற்கு அடுத்த படி. பாட்டன் காலந்தொட்டு நின்ற மலை இன்றா வீழும், கோயில் இருக்கும் இடத்துக்குக் கேடு வாராது, சரியினும் அப்பக்கமே சரியும் என்றவாறு மனம் நியாயங்களைத் தேடும். நியாயங்கள் முன்வந்து முடிவைத் தருவதில்லை. இருத்தல் என்னும் முடிவு முன்னரே ஆகிவிட்டது, அதற்கு ஆடையாகவே நியாயங்கள் பின்வருகின்றன. இடமாற்றல் மூன்றாவது. மலையின்மேல் எழவேண்டிய சினமும் அச்சமும், எதிர்த்துப் பேசவியலாத பிள்ளையின்மேலோ மனைவியின்மேலோ பாயும். தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர் என்பவற்றோடு தம்மை ஆளும் இறையையும் சேர்த்து எண்ணினார். மலை அவ்வெண்ணிக்கையில் இல்லை. தோட்டத்து வாழ்வில் துரைக்கு அஞ்சிய அளவு மலைக்கு அஞ்சாமை, அவர் வகுப்பின்படி வியப்பிற்குரியதன்று.

அச்சமும் நியாயமும் எவ்வாறு ஒன்றையொன்று தேடுகின்றன என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்த இரு ஆய்வுகள் சான்றாகும். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் தேதி பீகாரிலே பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. நடுக்கம் உணரப்பட்டும் அழிவு நேராத ஊர்களிலே பரவிய வதந்திகளைப் பிரசாத் என்னும் உளநூலார் திரட்டினார். சூறாவளி வரும், வெள்ளம் வரும், சந்திர கிரகணத்தன்று இன்னொரு நடுக்கம் வரும் என்று அம்மக்கள் பேசிக்கொண்டனர். 1950இல் தேயிலை விளையும் மற்றொரு மலைநாடாகிய டார்ஜிலிங்கிலே மண்சரிவுகள் பேரழிவை உண்டாக்கின. அங்கே அழிவைக் கண்ணாற் கண்ட மக்களின் பேச்சைத் துர்கானந்த சின்கா ஆராய்ந்தார். மேலும் பெருங்கேடு வரும் என்னும் வதந்திகள் அவற்றுட் காணப்படவில்லை. இவ்விரண்டையும் ஒப்புநோக்கிய பெஸ்ரிங்கர் 1957இல் தம் அறிகை முரண்பாட்டுக் கொள்கையை வெளியிட்டார். அழிவைக் காணாதவரிடத்து அச்சம் இருந்தது, காரணம் இல்லை. ஆகவே அச்சத்துக்கேற்ற காரணத்தை அவர் மனம் படைத்துக்கொண்டது. டார்ஜிலிங் மக்களுக்கு அச்சமும் இருந்தது, கண்முன் காரணமும் இருந்தது, படைப்பதற்கு ஒன்றுமில்லை. மீரியபெத்தவில் நிகழ்ந்தது இதன் மறுதலை எனலாம். அஞ்சுதற்குக் காரணம் எழுத்திலேயே தரப்பட்டது. அஞ்சியபின் செய்தற்குரிய செயல் தரப்படவில்லை. காரணத்தை அகற்ற இயலாதபோது, அகற்றக்கூடியது அச்சமே.

தற்காப்பு மலையடியில் வாழ்ந்தவர்க்கு மட்டும் உரியதன்று. நாங்கள் எச்சரித்தோம், அவர்கள் கேட்கவில்லை என்னும் வாக்கியத்தை உளநூலின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க. தன்பால் எழும் குற்றவுணர்வைப் பிறர்மேல் ஏற்றிவைத்துத் தான் அமைதியுறுதலைப் புறத்தேற்றல் என்பர். அலுவலகத்திற் கோப்பை மூடியவரும், தேநீர் அருந்தியவாறு செய்தித்தாளைப் படித்தவரும் இவ்வரணுள் இனிது உறைந்தனர். எச்சரிக்கைத் தாளை அனுப்பியதோடு கடமை முடிந்ததெனல் காரணங் கற்பித்தலின் மிகத் தூய வடிவமாகும். கல்வியும் பதவியும் உடையோரின் தற்காப்பு அழகிய மொழிநடை பெற்றிருக்கும். அதனாலேயே அதனைக் கண்டறிதல் கடினம்.

தற்காப்பு யாவும் நோயென்று கொள்ளலாகாது. அமெரிக்க மருத்துவர் வேலண்ட் மனிதர் பலரின் வாழ்க்கையைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கி, முதிராத அரண்களும் முதிர்ந்த அரண்களும் உள எனக் காட்டினார். நகைச்சுவையும், துயரைக் கலையாக மாற்றும் உயர்வழிப்படுத்தலும் முதிர்ந்தவை. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களிற் கங்காணியும் துரையும் நகைப்புக்கும் புலம்பலுக்கும் பொருளாகின்றனர். மாசி மாதத்துக் காமன் கூத்தில் எரிந்தவன் மீண்டும் எழுகின்றான். கண்ணீரைத் தாளத்தில் அமைத்தவர் அதனால் முற்றும் அழியாதிருந்தனர்.

சரிவின்பின் தோன்றும் கற்றல் வேறு வகையினது. 1920இல் வட்சன் என்பார் ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்பை அடித்துப் பேரொலி எழுப்பினார். குழந்தை எலிக்கு அஞ்சக் கற்றது. பின் முயலுக்கும் மயிர்த்தோலுக்கும் அஞ்சிற்று. ஒருமுறை பெற்ற அச்சம் ஒத்த பொருள்களுக்கெல்லாம் பரவும். மண்சரிவைக் கண்ட பிள்ளை தகரக் கூரையில் மழை விழும் ஓசைக்கே நடுங்குவதன் காரணம் இதுவே. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலுக்கு அஞ்சிய சிறுவனொருவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து அவ்வச்சத்தைத் தீர்த்தார். ஆசிரியரும் தாதியரும் அறிந்திருக்கவேண்டிய முறை இது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. முயல் தீங்கற்றது, ஊவாவின் மழை அத்தகையதன்று. பிள்ளையின் அச்சத்தை வேரோடு களைந்துவிடின் அடுத்த சரிவுக்கு அவனை ஆயத்தஞ் செய்ததாகவே முடியும். அச்சத்தை அளவோடு நிறுத்தி, அதனோடு ஒரு செயலையும் இணைத்தல் வேண்டும்.

இங்கேதான் செலிக்மன், மையர் என்போரின் பிற்கால ஆய்வு துணைபுரிகின்றது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின்பின், 2016ஆம் ஆண்டில், அவர்கள் தம் பழைய கொள்கையைத் தாமே மாற்றி எழுதினர். மூளை பற்றிய ஆய்வுகளின்படி, நெடுந்துன்பத்தின்கீழ் செயலற்றுக் கிடத்தல் கற்றுக்கொள்ளப்படுவதன்று. அது உயிரின் இயல்பான துலங்கலே. கற்கப்படுவது அதன் மறுதலை: என் செயலால் இது மாறும் என்னும் அறிவு. மூளையின் முற்பகுதி அவ்வறிவைப் பெற்றபின்னரே பழைய செயலின்மையை அடக்குகின்றது. கற்ற கையறுநிலை என்னும் பெயர் இவ்வகையிற் பொருந்தாப் பெயராயிற்று. எனினும் வழக்கிலே நின்றுவிட்டது.

கிடந்த நாய்கள் எவ்வாறு எழுந்தன என்பதும் பதிவாகியுள்ளது. அழைத்துப் பார்த்தனர், தடுப்பின் அப்பால் இறைச்சி வைத்தனர், பயனில்லை. கயிற்றாற் கட்டித் தடுப்பின் மறுபுறத்துக்குப் பலமுறை இழுத்துச் சென்றபின்னரே, தாண்டினால் வேதனை நிற்கும் என்பதை அவற்றின் கால்கள் உணர்ந்தன. அதன்பின் அவை தாமே தாண்டின. அறிவித்தல் அழைப்பைப் போன்றது. மறுபுறத்தே உண்மையாகவே ஒரு நிலமும் வீடும் இருத்தலும், அங்கே சென்று சேர்ந்த அநுபவமுமே கற்பிப்பவை. மீரியபெத்தவில் தப்பியோர் ஏறத்தாழ ஈராண்டு மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்திலே தங்கியிருந்தனர். 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. மலையின் வேறு சரிவுகளின்கீழ் இன்னும் லயன்கள் உள்ளன.

மழைமானி என்னும் சிறு கருவி இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவின்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புடனிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரிற் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரிலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரிலோ இடத்தைவிட்டு அகலுதல் வேண்டும். லயன் முற்றத்திலே இம்மானியை நட்டு, அளவைப் பார்த்துக் குறிக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையொருவனிடம் விட்டால், அவன் மழையோசைக்கு நடுங்குவதை விட்டு மழையை எண்ணத் தொடங்குவான். எண் உயர்ந்தால் யாரிடம் ஓடிச் சொல்வது, சொன்னால் எந்தக் கட்டிடத்தின் கதவு அவ்விரவிலே திறக்கும் என்பனவற்றையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். அக்கதவின் திறவுகோல் தோட்டத்திலுள்ள எவரிடம் இருக்கும் என்பதை மாரி தொடங்குமுன்னரே தீர்மானித்துவிடலாம்.